தடியன் வாசலை அடைத்த கதை

அந்தக் காலத்தில் கருவிகளுக்கெல்லாம் வாய் இருந்தது. நின்று கேட்க மனிதர்களுக்குத்தான் நேரமில்லை.

கடற்கரை ஊர் ஒன்றில் பிரகாசி என்ற பெண் கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்துவந்தாள். அவள் மேசையில் ஒரு மடிக்கணினி இருந்தது. பெயர்தான் மடிக்கணினி, மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகும். அதனால் தடியன் என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் அதற்கு ஒரு வாசல். பென்டிரைவ் வரும், நெட் வயர் வரும், டிவியின் தடித்த கேபிள் வரும். வந்தவர் யாரையும் தடியன் திருப்பி அனுப்பியதில்லை.

ஆனாலும் அது உயிரையே வைத்திருந்தது சில்லுவின் மேல்தான். சில்லு என்பது பிரகாசியின் கேமராவுக்குள் இருந்த மெமரி கார்டு. தபால்தலை அளவுதான் இருக்கும், வாய் மட்டும் ஊரளவு. காலையில் கேமராவோடு ஊர் சுற்றப் போகும். மாலையில் தடியனின் வலப்பக்கத்து வாசலில் நுழைந்து, சொந்த வீடு மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

"ஏலே தடியா, இன்னைக்குக் கடலுக்குப் பக்கத்துல நின்னேம்ல. பொண்ணு மாப்பிள்ளை காலை நனைக்கப் போனாவ, அலை வந்து பொண்ணோட செருப்பைத் தூக்கிட்டுப் போயிட்டு!"

தடியன் சிரித்துச் சிரித்துச் சூடாகிவிடும். சில்லு போன பிறகு அதற்கு ஏக்கம் பிடித்துக்கொள்ளும். படத்தில் பார்த்த கடலை ஒரு தடவையாவது தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் அதன் கனத்தைச் சுமந்து போக பிரகாசியின் தோள் சம்மதிக்கவில்லை.

அந்த ஊரில் கணினிகளை இழைத்து மெலிதாக்கும் உலகநாத ஆசாரி இருந்தார். மெலிந்தால் கூடவே எடுத்துப்போகலாமே என்று பிரகாசி ஒருநாள் தடியனை அவரிடம் விட்டுவிட்டுப் போனாள்.

ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாசல் உசரத்துக்குச் சுவரு இருந்துதானே ஆவணும்? வாசலை அடைச்சாத்தான் என்னால இழைக்க முடியும். நல்லா யோசிச்சுச் சொல்லு."

தடியன் நெட் வயரின் வாசலைக் கொடுத்தது. கேபிளின் வாசலைக் கொடுத்தது. பென்டிரைவின் வாசலைக் கொடுக்கும்போது கொஞ்சம் உறுத்தியது, ஆனாலும் கொடுத்தது.

"இன்னும் ஒரு நூல் கனம் இருக்கு. வலப்பக்கத்து வாசலையும் எடுத்தாத்தான் அந்தப் பொம்பளையோட பையிலே அடங்குவே" என்றார் ஆசாரி.

அது சில்லுவின் வாசல். ஆனாலும் தடியன், நாமே கூடப் போகப் போகிறோம், கடலை நாமே பார்க்கப் போகிறோம், பிறகு சில்லு வந்து சொல்ல என்ன இருக்கிறது என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டது.

"அடைச்சிருங்க ஆசாரியாரே."

கரண்டு குடிக்க மட்டும் இடப்பக்கத்தில் ஒரு சின்ன வாசல் மிஞ்சியது. தடியன் தட்டு மாதிரி ஆகிவிட்டது. பிரகாசிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே பையில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பினாள்.

பாவம் தடியன், ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டிருந்தது. பைக்குள் இருக்கும் கணினிக்குப் பையைத் தவிர வேறென்ன தெரியும்? ஒரே இருட்டு. துணிக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். கடலுக்குப் பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு தடியன் சில்லுவுக்காகக் காத்துக் கிடந்தது.

மாலையில் மண்டபத்து மேசையில் பிரகாசி அதைத் திறந்தாள். கேமராவிலிருந்து வந்த சில்லு பழகிய இடத்துக்கு ஓடியது. வழவழவென்று சுவர்தான் இருந்தது.

"ஏலே, கதவு எங்கல?"

"அடைச்சிட்டேம்ல. ஒங்கூட நானும் வரணும்னுதான் அடைச்சேன்."

சில்லு திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வாயாடி மேசையில் அப்படியே சாய்ந்துவிட்டது.

பிரகாசி கடைத்தெருவுக்கு ஓடி, ஒற்றை வயரும் பல வாசலும் வைத்த ஒரு குட்டிப் பெட்டியை வாங்கி வந்தாள். வயரைத் தடியன் கரண்டு குடிக்கும் வாசலில் சொருகி, பெட்டியில் சில்லுவை உட்காரவைத்தாள்.

"நான் சொல்லுதது கேக்காலே?" என்றது சில்லு, வயருக்கு அந்தப் பக்கமிருந்து.

"கேக்கு. ஆனா நீ உள்ள வந்து இருந்து சொல்லுத மாதிரி இல்லல."

"எனக்கும் அப்படித்தாம்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, சில்லு அன்றைய கடலைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது.

அன்று முதல்தான் மெலிந்த மடிக்கணினிகள் போகிற இடமெல்லாம் ஒரு குட்டிப் பெட்டியும் கூடவே தொங்கிக்கொண்டு போகிறது. அதை வீட்டில் மறந்துவிட்டு வந்த நாட்களில், கார்டும் கணினியும் ஒரே மேசையில், ஒன்றையொன்று பார்த்தபடி பேசாமல் கிடக்கின்றன.