‘இவனை நான் அறிவேன்’

செவ்வாற்று நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தனக்கு ஆலோசகராக யார் வேண்டும் என்று சொல்வது அரசரின் உரிமை. அவர் எப்படிப்பட்டவர் என்று துருவிப் பார்ப்பது நாட்டவையின் உரிமை. பிறந்த ஊர், பெண்ணெடுத்த வீடு, பழகும் ஆட்கள், போய்வந்த தேசங்கள் எல்லாவற்றையும் அவை உறுப்பினர்கள் மூவர் நேரில் போய் விசாரிப்பார்கள். விசாரித்ததை அவையில் படித்துக் காட்டுவார்கள். அதன் பிறகுதான் அந்த ஆள் அரசருக்குப் பக்கத்தில் உட்கார முடியும்.

ஆதன் விஷயத்தில் மட்டும் அது நடக்கவில்லை.

நடக்கவில்லை என்பதே மூன்று ஆண்டு கழித்துத்தான் தெரியவந்தது. தாம் வராத நாளில் படித்துக் காட்டியிருப்பார்கள் என்று ஒவ்வோர் உறுப்பினரும் நினைத்திருந்தார். ஆற்று நீரைப் பங்கிட்டுக்கொள்ள மேலைநாட்டாரோடு பேசப் போன தூதர்கள் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார்கள். அவர்கள் எதுவரை விட்டுக்கொடுப்பார்கள் என்பது எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நாற்பது ஊர்களின் கோடைத் தண்ணீர் போயிற்று. கிளறியபோது, தலைமை ஆலோசகரான ஆதனின் மைத்துனர் மேலைநாட்டுப் படைத்தலைவர் என்று வெளிப்பட்டது. ஆதன் அவருக்கு மாதம் தவறாமல் மடல் எழுதிக்கொண்டிருந்தான்.

அவை கொந்தளித்தது. இந்த ஆளை விசாரித்து அனுப்பியது யார்? அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு தேமொழியிடம் வந்தது. அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. யார் முகத்துக்காகவும் கேள்வியை விழுங்காதவள் என்று அவையில் பெயர் வாங்கியிருந்தாள்.

முதலில் ஆதனைத்தான் அழைத்தாள்.

“உங்கள் மைத்துனரைப் பற்றி ஏன் சொல்லவில்லை?”

“யாரும் கேட்கவில்லை.”

“கேட்டிருந்தால்?”

ஆதன் சற்று யோசித்தான். “சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.”

“மடல்களில் என்ன எழுதினீர்கள்?”

“வீட்டுச் செய்திதான். பிறகு அவர் ஏதாவது கேட்பார். கேட்டதற்குப் பதில் எழுதினேன்.”

அன்றே ஆதன் பதவியின் மோதிரத்தைக் கழற்றி அவைத்தலைவர் முன் வைத்தான். வெளியே போகும்போது தேமொழியின் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை அவள் அரண்மனைச் செயலரின் அறைக்குத் தனியாகப் போனாள்.

“எல்லாரையும் அவையின் விசாரணைக்கு அனுப்புகிறீர்கள். இவரை ஏன் விட்டீர்கள்?”

“விடவில்லை அம்மா. தேவைப்படவில்லை. இது இருந்ததே!” என்று செயலர் ஓர் ஓலையை எடுத்துக் கொடுத்தார்.

‘ஆதன் என்னிடம் ஏழாண்டு பயின்றவன். உடன்பயின்ற பெண் காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தபோது, கரைபுரண்டு ஓடிய ஆற்றை நீந்திக் கடந்து மருந்து கொண்டுவந்தவன். இவனை நான் அறிவேன்.’

கீழே மருதவாணர் என்று கையெழுத்து. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் தேமொழி எழுதப் பழகியிருந்தாள். காய்ச்சலில் கிடந்த பெண்ணும் அவள்தான்.

“இதை வேறு யார் பார்த்தார்கள்?”

“அரசரும் நானும். அவருடைய வார்த்தைக்கு மேல் எங்களுக்கு வேறென்ன வேண்டும்?”

தேமொழி விசாரணையை மூன்று நாள் தள்ளிவைத்தாள். வண்டி பூட்டச் சொல்லி ஆற்றின் மேல்கரையில் இருந்த குருகுலத்துக்குப் புறப்பட்டாள். அங்கே போய் இருபத்தெட்டு ஆண்டு ஆகியிருந்தது.

இலுப்பைப் பூ உதிர்ந்து வழியெல்லாம் மணத்தது. அந்த மணம் மூக்கில் ஏறியதும் வந்த காரியம் பின்னால் போய்விட்டது. மருந்து உள்ளே போனதும் கண் விழித்த பகல் நேற்றுப்போல் இருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பல் கிட்டித்து நடுங்கியபடி ஆதன் பக்கத்தில் குந்தியிருந்தான். “நீ செத்துப்போனால் உன் பங்குக் கஞ்சி எனக்கு என்றார்கள். இன்றைக்குக் கஞ்சியில் உப்பே இல்லை. அதனால்தான் மருந்துக்குப் போனேன்” என்றான். பேச முடியாமல் கிடந்தவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் உயிர் திரும்பியது என்று மருத்துவர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருதவாணர் ஆற்றுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எண்பது கடந்த உடம்பு. விரல் மட்டும் நடுங்கவில்லை.

“மெலிந்துவிட்டாயே, அம்மா.”

“நீங்களும்தான் ஐயா.”

அவளும் ஒரு பிடிக் கீரையை எடுத்துவைத்துக்கொண்டு ஆயத் தொடங்கினாள். பழைய பேச்சு தானாக வந்தது. ஒரே போர்வைக்கு நாலு பேர் சண்டை போட்டது, யாப்பு வகுப்பில் ஆதன் உட்கார்ந்தபடியே தூங்கியது, அவள் முதல் வெண்பாவில் தளை தட்டி அழுதது. ஒன்றையும் அவர் மறந்திருக்கவில்லை. பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

கீரை தீர்ந்தது. அவள் ஓலையை எடுத்துப் படியில் வைத்தாள்.

“இது நீங்கள் எழுதியதுதானே, ஐயா?”

“நான்தான்.”

“இதை எழுதியபோது ஆதனைப் பார்த்து எத்தனை ஆண்டு ஆகியிருந்தது?”

“முப்பது இருக்கும்.”

“அவனுக்குக் கல்யாணம் ஆனது தெரியுமா?”

“தெரியாது.”

“அரண்மனை ஆள் வந்தபோது எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லையா?”

“இல்லை. ஆதனைத் தெரியுமா என்றான். பெயரைக் கேட்டதுமே மனசு நிறைந்துவிட்டது, தேமொழி. ஈரத் தலையோடு இந்தப் படியில் ஏறி வந்தவன்தான் கண்ணில் நின்றான். அவனைப் பற்றி எழுதிக் கொடுத்தேன்.”

“எழுதியதில் பொய் ஒன்றும் இல்லையே.”

“ஒரு சொல்கூட இல்லை.”

அவர் ஓலையை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

“தண்ணீர் போனது எத்தனை ஊருக்கு என்றார்கள்?”

“நாற்பது, ஐயா.”

அவர் தலை கவிழ்ந்தது. தேமொழி அவருக்குக் கீழ்ப்படியில் இறங்கி உட்கார்ந்தாள்.

“இந்த ஓலையைச் சொல்லாமலே என்னால் அறிக்கை எழுத முடியும். விசாரணை நடக்கவில்லை. அரண்மனைமேல் குற்றம் சொல்ல அதுவே போதும். உங்கள் பெயர் அவையில் அடிபட வேண்டியதில்லை.”

மருதவாணர் தண்ணீரில் இறங்கிக் கை கழுவினார். கொடியில் கிடந்த மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“உன் வண்டியில் இன்னொருவருக்கு இடம் இருக்குமா?”

வழி நெடுக, மேடு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோதெல்லாம் அவர் விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவை கூடியது. மருதவாணர் தடியூன்றி உள்ளே வந்ததும் முதல் வரிசை எழுந்தது. பிறகு மொத்த அவையும் எழுந்தது. அங்கே பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அவைத்தலைவர் தன் ஆசனத்திலிருந்து இறங்கி வந்து வணங்கினார்.

தேமொழி ஓலையை உரக்கப் படித்தாள். படித்து முடித்துவிட்டு அவையைப் பார்த்தாள்.

“இதில் உள்ள பெண் நான். அவையோர் விரும்பினால் இந்தப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்கலாம்.”

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “நீங்களே நடத்துங்கள், அம்மா” என்றார் அவைத்தலைவர்.

அவள் சாட்சியின் பக்கம் திரும்பினாள். அவர் நிற்பதைப் பார்க்கவே முடியவில்லை. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தாள்.

“ஐயா, நேராக ஓலைக்கே வருகிறேன். அரண்மனை ஆள் உங்களிடம் வந்த அன்று…”

மருதவாணர் கை உயர்த்தினார்.

“சாட்சி சொல்ல வருபவரிடம் இந்த அவை முதலில் எதைக் கேட்கும், அம்மா?”

“பெயர். ஊர். விசாரிக்கப்படுகிறவரோடு என்ன உறவு.”

“எல்லாரிடமும் கேட்பீர்களா?”

“எல்லாரிடமும்தான் ஐயா.”

“என்னிடம் கேட்கவில்லையே.”

“உங்களை நான் அறிவேனே!”

சொன்ன பிறகுதான் தேமொழிக்குத் தன் குரல் காதில் விழுந்தது.

மருதவாணர் அவளை அன்போடு பார்த்தார். நாற்காலியைவிட்டு மெல்ல எழுந்து, சாட்சிகள் நிற்கும் இடத்தில் போய் நின்றார்.

“என் பெயரிலிருந்து தொடங்கு, அம்மா.”