ப்ரெக்கே பண்ணையின் கதவு

செல்லையா ப்ரெக்கே தம் அறுபத்தெட்டாவது வயதில் பனி பார்க்கத் தொடங்கினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கனவில்.

ஒரு மலைச் சரிவு. கூரையில் புல் முளைத்த மரவீடு. பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். வீட்டுக் கதவு மட்டும் கிறீச், கிறீச் என்று தானே திறந்து தானே மூடும். உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று தெரியும். எட்டிப் பார்ப்பதற்குள் விழிப்பு வந்துவிடும். வெளியே தரங்கம்பாடி வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே மேபலிடம் போவார்.

மேபல் ஊர்க் கிறிஸ்தவக் கோவிலின் பழைய பதிவேடுகளைக் காப்பவர். புதியவற்றை எழுதுபவரும் அவரே. வயது நாற்பத்தொன்று. முந்நூறு வருஷத்துப் பழைய டேனிஷ் கொக்கி எழுத்தைத் தாமே படிக்கக் கற்றுக்கொண்டவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான செல்லையா ஒரு வருஷத்துக்கு முன் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இனி நான் உங்க மாணவன்" என்று அறிவித்தார். அன்று முதல் இவர் அவரை டீச்சர் என்றும், அவர் இவரை சார் என்றும் அழைத்தார்கள். வெளியாள் வந்தால் இதில் யார் சீடர் என்று சொல்வது கஷ்டம்.

இருநூற்று முப்பது வருஷத்துக்கு முன் நீல்ஸ் ஆண்டர்சன் ப்ரெக்கே என்ற நார்வேக்காரர் தரங்கம்பாடியின் டேனிஷ் கோட்டைக்குப் பீரங்கிச் சிப்பாயாக வந்தார். ஊர்ப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கேயே மண்ணானார். விட்டுப்போனது ஒரு பேர்தான். (நார்வேக்கு அப்போது டென்மார்க் அரசர்தான் ராஜா. ஆனாலும் நீல்ஸை யாராவது டேனிஷ்காரர் என்று சொல்லிவிட்டால், செல்லையா கல்யாணப் பந்தியிலும் இலையை விட்டு எழுந்து வந்து திருத்துவார்.)

இப்போது அந்தப் பேருக்கு ஒரு வழக்கு வந்திருந்தது. பதினோரு வருஷம் பிள்ளையில்லாத செல்லையாவின் மகனும் மருமகளும், குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வந்திருந்தார்கள். "பிள்ளை இருக்கட்டும். ப்ரெக்கே வேண்டாம்" என்றார் செல்லையா. அன்றோடு மகன் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். குழந்தையை அவர் ஒருமுறைகூடத் தூக்கவில்லை.

"பேர் ரத்தத்துல வர்றது டீச்சர். ஏட்டைக் காட்டி அவனுக்குப் புரியவெச்சிடறேன்."

"காட்டுங்க" என்றார் மேபல்.

நார்வேயின் பழைய கோவில் ஏடுகள் இப்போது இணையத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. இரண்டு மாதம் கழித்துச் செல்லையா ஒரு சார்ட் தாளோடு வந்தார். குன்னர் ப்ரெக்கே, தூரே ப்ரெக்கே, லார்ஸ் ப்ரெக்கே என்று ஏழு பேர், ஒருவர் காலடியில் ஒருவர். எல்லோருக்கும் கீழே நீல்ஸ்.

"என்ன சார், நேத்து பனி பலமா?"

"முழங்கால் வரைக்கும்."

மேபல் தாளைப் பார்த்தார். "கோடெல்லாம் அழகா போட்டிருக்கீங்க. நீல்ஸோட ஞானஸ்நானம் எங்க?"

"அது மட்டும் கிடைக்கல."

"கிடைச்சதும் வாங்க."

பத்து நாள் கழித்து வந்தார். முகம் விழுந்திருந்தது.

"ப்ரெக்கேயில நீல்ஸ்னு யாரும் பிறக்கவே இல்ல டீச்சர். கோட்டை ஏட்டுல இருக்கிற அதே தேதியில ஆண்டர்ஸ் மகன் நீல்ஸ் ஒருத்தன் பிறந்திருக்கான். ஆனா ஹோலன் பண்ணையில. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"அப்புறம்?"

"எட்டு வயசுல ப்ரெக்கேக்கு ஆடு மேய்க்க வந்திருக்கான். பதினஞ்சு வயசுல, கோவில்ல முழு உறுப்பினரா சேர்க்கிற திடப்படுத்தல் ஏட்டுல எழுதறாங்க, நீல்ஸ் ஆண்டர்சன் ப்ரெக்கேன்னு."

"லார்ஸ்?"

"பண்ணையை விலைக்கு வாங்கினவன்."

"தூரே?"

"அந்த வீட்டு விதவையைக் கட்டிக்கிட்டவன்."

"குன்னர்?"

செல்லையா சார்ட்டைச் சுருட்டினார். "ஏழு பேர்ல ரெண்டு பேர்தான் அப்பன் மகன். மத்தவங்க ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணுமே இல்ல."

"அங்க வழக்கம் அப்படித்தான் சார். பேரு பண்ணையோடது. குடியிருக்கிறவங்க போட்டுக்குவாங்க. எஜமானும் போட்டுக்குவான், ஆடு மேய்க்கிறவனும் போட்டுக்குவான். ஆத்தைத் தாண்டி வேற பண்ணைக்குக் குடிபோனா அந்தப் பேரு."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா மறுநாள் ஹோலன் பண்ணைக்கு ஒரு சார்ட் வரைஞ்சிட்டு வந்திருப்பீங்க."

 செல்லையா வரும் வழியிலேயே புதுத் தாள் வாங்கியிருந்தார்.



"சரி. கடல் தாண்டி வந்தவன் எதுக்கு அந்தப் பேரை வெச்சுக்கிட்டான்? இங்க ஏது ப்ரெக்கே?"

"கப்பல்ல இருந்து இறங்கினவங்களை வரிசையா நிறுத்தி, எங்கேருந்து வர்றேன்னு கேட்டிருப்பாங்க. கடைசியா தூங்கின வீட்டைச் சொல்லியிருப்பார்."

மேபல் எழுந்து போய் ஓர் ஏட்டைக் கொண்டுவந்து விரித்தார். பழைய ஏடு இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமையின் ஞானஸ்நானப் பக்கம். தேதி இருந்தது. பெற்றோர் பெயர் இருந்தது. குழந்தையின் பெயர் நித்திலா என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தது.

"உங்க மருமக நேத்து வந்தாங்க. 'மாமாகிட்ட கேட்டு எழுதுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."

செல்லையா அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் இன்னும் கால் வைக்காத பனி மாதிரி வெள்ளையாக இருந்தது.

"நான் என்ன சொல்லணும் டீச்சர்?"

"பாப்பா எங்க தூங்குது சார்?"

"எங்க வீட்லதான். என் ரூமுக்கு அடுத்த ரூம்ல, தூளியில. அந்தக் கொக்கி துருப்பிடிச்சுக் கிடக்கு. மத்தியானம் மருமக ஆட்டறப்பல்லாம் கிறீச், கிறீச்னு..."

செல்லையா நிறுத்தினார்.

மேபல் பேனாவின் மூடியைக் கழற்றினார்.