ஆவுடையப்பன் அவுட்டா?

மொட்டைப்பனங்குளத்துக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அதுதான் அவர்களைப் பிடித்த சனியன். டவுனிலிருந்து ஒரு டிரில் மாஸ்டர் வந்து, மைதானத்தில் மூலைக்கு ஒன்றாக நாலு சாக்கு போட்டு, பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். "சாக்குக்குச் சாக்கு ஓடணும். வழியில் ஒருத்தன் பந்தோடு தொட்டால் அவுட். அவனுக்குப் பயந்து பாதையை விட்டு விலகினாலும் அவுட். அம்பயர் கண்ணால் பார்த்ததுதான் தீர்ப்பு" என்றார். பிறகு பஸ் ஏறிவிட்டார், புண்ணியவான்.

அன்று ஆவுடையப்பனுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன்னால் உடம்பு கொஞ்சம் சுறுசுறுப்பாகட்டும் என்று பட்டு வேட்டியோடு ஒரு ஆட்டம் ஆட வந்தான். இரண்டாவது சாக்கிலிருந்து மூன்றாவது சாக்கை நோக்கி ஓடினான். எதிரே எதிரணிக்காரன் சங்கிலி கையில் பந்தோடு வந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு எருமை வந்து படுத்து, அசைபோட ஆரம்பித்தது.

"அம்பயர் அண்ணாச்சி, சுத்திப் போவட்டுமா?" என்று ஆவுடையப்பன் கேட்டான்.

"பாதையை விட்டா அவுட்டுடே," என்றார் அம்பயர் பேச்சிமுத்து.

"அப்பம் நான் சுத்திப் போய் அவனைத் தொடட்டுமா?" என்றான் சங்கிலி.

பேச்சிமுத்து மாஸ்டர் சொன்னதை விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்லே. விலகினா நீயும் அவுட்டு."

"திரும்பிப் போயிரலாமா?" என்றான் ஆவுடையப்பன்.

"திரும்புறதைப் பத்தி மாஸ்டர் ஒண்ணும் சொல்லலையே."

"எருமையை விரட்டிருவோம்," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"அது இன்னும் அவுட்டாகலையே வே. அவுட்டாகாததை எப்படி வெளியே அனுப்புறது?" என்றார் பேச்சிமுத்து.

விரட்டக் கம்பை எடுத்தவர் அதைக் கீழே போட்டார்.

மண்டபத்திலிருந்து மாமனார் வேலாண்டி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். வெளியூர்க்காரர், விவரமானவர் என்று பேர். "முகூர்த்தம் தப்பிச்சுன்னா பொண்ணை வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போயிருவேன், பாத்துக்கிடுங்க," என்றார்.

மணப்பெண் செண்பகவல்லி மேல் ஆவுடையப்பனுக்கு உயிர். ஆனாலும் காலை எடுக்கவில்லை. "மாமா, அவுட்டானவனுக்கா பொண்ணு குடுப்பீய?"

வேலாண்டிக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மணப்பெண், ஐயர், மேளம் எல்லாவற்றையும் மைதானத்துக்கே வரவழைத்தார். செண்பகவல்லி வந்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"நானும் பாதையிலதான் நிக்கணுமா?"

"ஆமா தாயி," என்றார் பேச்சிமுத்து. அவளும் நின்றாள்.

கெட்டிமேளம் முழங்கியது. ஆவுடையப்பன் தாலி கட்டினான். சத்தத்தில் மிரண்டு எருமை எழுந்து ஓடியது. வழி கிடைத்த சங்கிலி ஒரே பாய்ச்சலில் வந்து பந்தோடு மாப்பிள்ளையைத் தொட்டான். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது. ஊரே அம்பயரைப் பார்த்தது.

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் அட்சதை விழுந்திருந்தது.

"தொட்டதை நான் பாக்கலை. அதனால தொடலை."

ஆவுடையப்பன் சந்தோஷத்தில் குதித்தான், பாதைக்குள்ளேயே.

"தாலி கட்டினதையும் பாக்கலை," என்றார் பேச்சிமுத்து.

"அப்பம் கட்டலையா அண்ணாச்சி?"

"கட்டலடே. எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க. முதல்ல இருந்து ஆரம்பிப்போம்."

ஐயர் கீழே கிடந்த அட்சதையைப் பொறுக்கினார். குளத்தங்கரையிலிருந்து எருமையைப் பிடித்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் நிறுத்தினார்கள். அது படுக்க மாட்டேன் என்றது.

வேலாண்டி தோளில் கிடந்த பட்டுத்துண்டை எடுத்து அதன் முன்னால் பாதையில் விரித்தார். பிறகு கையைக் கூப்பினார்.

"கொஞ்சம் படுத்துக்கோம்மா. நல்ல நேரம் போய்க்கிட்டிருக்கு."