வெள்ளைப் பேஸில் ஒரு கால்

பியூலா டீச்சருக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும். ஏன் டீச்சர் என்று யாராவது கேட்டால், "போய்ச் சேருதேம்லா?" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சாப்ட்பால் அணியைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் ஆட்டத்தில் ஒரு விதியை மாற்றிவிட்டார்கள். அதுவரை முதல் பேஸ், அதாவது பந்தை அடித்தவள் முதலில் ஓடிப்போய்ச் சேர வேண்டிய இடம், தரையில் ஒரே ஒரு வெள்ளை மெத்தை. பந்தைப் பிடிக்கிறவளும் அதைத்தான் மிதிக்க வேண்டும், பந்தை அடித்துவிட்டு ஓடி வருகிறவளும் அதைத்தான் மிதிக்க வேண்டும். பந்தைப் பிடித்தவள் முந்தினால் ஓடி வருகிறவள் அவுட். இனிமேல் வெள்ளைக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல ஆரஞ்சு நிறத்தில் இன்னொன்று. வெள்ளை பிடிக்கிறவளுக்கு, ஆரஞ்சு ஓடி வருகிறவளுக்கு. ஓடி வருகிறவள் வெள்ளையை மட்டும் மிதித்துவிட்டால், எதிரணி அதைச் சொல்லி அவுட் கேட்க வேண்டும். அவள் திரும்பி வந்து பேஸில் நிற்பதற்குள் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அம்பயர் கண்ணாரக் கண்டிருந்தாலும் வாயைத் திறக்கமாட்டார்.

இசக்கியம்மாளுக்கு இது பிடிக்கவே இல்லை. முதல் பேஸில் நிற்பவள் அவள். கேப்டனும் அவள்தான். பிளஸ் டூ வந்தாயிற்று. இந்தத் தடவை மாநிலப் போட்டிக்குப் போனால் உண்டு, இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை. அந்த நேரம் பார்த்து விதியை மாற்றினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆடத் தெரியாதவர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து ரூல் போட்டிருக்கிறார்கள் என்று டீச்சர் காதில் விழும்படியே சொன்னாள்.

டீச்சர் பழைய சாக்கில் தேங்காய் நாரை அடைத்துத் தைத்து, ஆரஞ்சு பெயின்ட் அடித்து, வெள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார். ஓடச் சொன்னார்.

பழக்கம் விடுமா? ஒருத்தி விடாமல் எல்லார் காலும் வெள்ளைக்கே போனது. மறுபடி ஓடச் சொன்னார். மறுபடியும் வெள்ளை. சாக்கு பாவம், புதுக்கருக்கு அழியாமல் கிடந்தது. இசக்கிக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

டீச்சர் கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் குனிந்து இடது கால் ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். வெறுங்காலைத் தூக்கி வெள்ளைப் பேஸின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் காலை அதுவரை யாரும் ஷூ இல்லாமல் பார்த்ததில்லை. கணுக்கால் எலும்பு ஒரு பக்கமாகப் புடைத்துக்கொண்டு நின்றது. அதைச் சுற்றி நீளமாகத் தையல் தழும்பு.

"இசக்கி, நீ வா. முழு வேகத்துல வரணும்."

இசக்கி ஓடி வந்தாள். பாதி தூரத்தில் அந்தக் கால் கண்ணில் பட்டது. டீச்சர் எடுத்துவிடுவார் என்று நினைத்தாள். எடுக்கவில்லை. கிட்டே வந்துவிட்டாள். எப்படி விலகினாள் என்று அவளுக்கே தெரியாது, கால் ஆரஞ்சில் விழுந்து தாண்டிப் போயிருந்தது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "மிதிச்சிருந்தா என்ன டீச்சர் ஆயிருக்கும்?" என்று கேட்டாள்.

"மிதிக்கலைல்லா?" என்றார் டீச்சர். அடுத்தவளைக் கூப்பிட்டார்.

அன்றைக்குப் பிறகு அந்த அணியில் ஒருத்தி கால்கூட வெள்ளைப் பக்கம் போகவில்லை.

இறுதி ஆட்டம் கடலோரத்துப் பள்ளி ஒன்றோடு. அவர்கள் ஊர், அவர்கள் மைதானம். அவர்களிடம் அமலி என்று ஒருத்தி இருந்தாள். மணலில் ஓடி வளர்ந்த கால், தரையில் கேட்கவா வேண்டும்? அவள் மட்டையில் பந்து பட்டால் போதும், முதல் பேஸ் அவளுக்குத்தான் என்று பேச்சு. ஜெயிக்கிற அணி மாநிலத்துக்குப் போகும். தோற்கிற அணி வீட்டுக்கு.

ஆட்டம் தொடங்குமுன் டீச்சர் காலை இழுத்துக்கொண்டு எதிரணிப் பக்கம் போனார். புதுப் பேஸில் உங்கள் பிள்ளைகளையும் நாலு தடவை ஓடவிட்டுப் பாருங்கள் சார் என்று அவர்கள் மாஸ்டரிடம் சொன்னார். அவர் சிரித்துவிட்டார். எங்கள் பிள்ளைகளுக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இசக்கி, டீச்சர் திரும்பி வருவதற்குள் எதிரே போய் நின்றாள்.

"அவங்களுக்கு ஏன் டீச்சர் போய்ச் சொல்லுதீங்க? மாத்தி மிதிச்சா நமக்குத்தானே லாபம்?"

"எதை மிதிப்பா?"

"வெள்ளையை."

"அங்க யாரு நிப்பா?"

இசக்கி கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசிச் சுற்று. இசக்கியின் அணி ஒரு ரன் முன்னால் இருந்தது. எதிரணியில் ஏற்கெனவே இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸ்களில் காத்து நின்றார்கள். இன்னும் ஒருத்தியை வெளியேற்றினால் ஆட்டம் முடிந்தது. மட்டையோடு வந்து நின்றாள் அமலி. ஊரே எழுந்து நின்றது.

அமலி அடித்தாள். பந்து தரையோடு உருண்டு போனது. நடுவில் நின்றவள் அள்ளி எடுத்து இசக்கிக்கு எறிந்தாள். நல்ல எறி. இசக்கி வெள்ளையில் காலை ஊன்றிக் கையை நீட்டினாள். பந்து வருகிறது. அந்தப் பக்கம் அமலியும் வருகிறாள். அமலி வருவது ஆரஞ்சுக்கு இல்லை, நேரே வெள்ளைக்கு, நேரே அவள் காலுக்கு. இசக்கிக்குக் கண் பந்தை விட்டுக் காலுக்குப் போனது. காலை வெடுக்கென்று இழுத்தாள். இழுத்த இடத்தில் அமலியின் ஷூ தொப்பென்று இறங்கியது. பந்து கையுறையின் நுனியில் பட்டுத் தெறித்து ஓடியது.

அமலி நிலை தடுமாறி, பேஸைத் தாண்டிக் குப்புற விழுந்தாள். அதற்குள் மற்ற இரண்டு பேரும் ஓடிப்போய் இரண்டு ரன்னையும் எடுத்துவிட்டார்கள். மைதானத்தில் விசில் பறந்தது. மேளம்கூட எங்கிருந்தோ வந்துவிட்டது.

விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அம்பயர் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். டீச்சர் ஓடி வந்தார். முதலில் அமலியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கணுக்காலை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். உடையவில்லை, பிசகியிருக்கிறது என்று அவளிடம் சொன்னார். அப்புறம் இசக்கியிடம் வந்தார்.

இசக்கி பந்தை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். கேட்டால் போதும். அமலி அவுட், அந்த இரண்டு ரன்னும் செல்லாது, மாநிலப் போட்டி கையில். ஆட்டத்துக்கு முன்னால் இதுதான் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நடந்துவிட்டது. இப்போது வாய் வரவில்லை. அம்பயர் பக்கத்திலேயே வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெள்ளையத்தான் மிதிச்சா டீச்சர்."

"பாத்தேன்."

"ஆனா அவ கால் முந்திட்டு. பந்து என் கையில நிக்கவே இல்லை."

"ஏன் நிக்கலை?"

"காலை இழுத்தேன்."

அந்தப் பக்கம் அமலி எழுந்து உட்கார்ந்து உடுப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். தோழிகள் இரண்டு பேர் அவளைத் தூக்கி நிறுத்தினார்கள். எழுந்து பேஸுக்கு வந்துவிட்டால் கேட்க முடியாது.

"அவளுக்கு அடியும் பட்டிருக்கு. இப்பப் போயி ரூலைச் சொல்லிக் கேட்டு வாங்கினா ஊரே காறித் துப்பும்," என்றாள் இசக்கி. "நீங்களா இருந்தா கேப்பீங்களா டீச்சர்?"

அமலி ஒரு காலை ஊன்றிப் பார்த்தாள். பேஸைப் பார்த்து நொண்டி நொண்டி வர ஆரம்பித்தாள்.

டீச்சர் அவள் நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அந்த இடத்துல விழுந்து கிடந்தப்போ, கேக்குறதுக்கு ரூல் இல்லட்டி."

அமலி பேஸுக்கு வருமுன் இசக்கி அம்பயர் பக்கம் திரும்பினாள். அவுட் கேட்டு, பந்து இருந்த கையை அம்பயர் பார்க்கும்படி உயர்த்தினாள்.