பதினோராவது பெயர்

மல்யுத்தத்தில் ஆகாயப் பட்டத்தை வென்ற மூன்றாம் நாள், சென்னியப்பன் அந்த இடுப்புவாரைப் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு ரோசம்மா மாஸ்டரிடம் வந்தான்.

ஈரோடு கருங்கல்பாளையத்தில் ஒரு பழைய நூல் குடோன்தான் மாஸ்டரின் பயிற்சிக்கூடம். நடுவில் பலகை மேடை. நான்கு மூலையிலும் கம்பம், மூன்று வரிசைக் கயிறு. பொருட்காட்சிகளில் நடக்கும் மல்யுத்தத்துக்கு அங்கே ஆட்கள் தயாரானார்கள். யார் ஜெயிப்பது என்று முன்பே பேசி முடிவாகிவிடும். கம்பத்தின் உச்சியிலிருந்து குதிப்பதும் கீழே விழுவதும் மட்டும் நிஜம்.

மாஸ்டர் மேடை விரிப்பின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். இளவயதில் சர்க்கஸில் உயரத்தில் ஊஞ்சல் பார் ஆடியவர். இப்போது ஐம்பத்திரண்டு வயது. சென்னியப்பனுக்கு முப்பத்தாறு. பன்னிரண்டு வருடமாக அவரிடம் இருக்கிறான்.

பட்டத்தை அவர் முன்னால் வைத்தான். அதன் தகட்டில் ஜெயித்தவர்கள் பெயர் வரிசையாக வெட்டியிருந்தது.

"இதுல என் பேரை வெட்ட வேண்டாம், மாஸ்டர்."

"ஏன்?"

"நிசார் தவறி விழலை. நான் நகர்ந்துட்டேன்."

ஊசி நின்றது.

"எவ்வளவு?"

"அரை அடி."

அன்று ஜெயிக்க வேண்டியவன் நிசார். கம்பத்தின் மேல் மேடைக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாக ஒரு கரணம் போட்டு வந்து விழுவான். அப்படிக் குதிக்க அந்த வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. குதிக்கிறவனுக்குக் கீழே இருப்பது தெரியாது. கீழே நிற்பவன்தான் பார்த்து, நெஞ்சிலும் தோளிலும் வாங்கி, தானும் சேர்ந்து சாய்ந்து, அவன் எலும்பைக் காப்பாற்ற வேண்டும். பன்னிரண்டு வருடமாக நிசாருக்குக் கீழே நின்றவன் சென்னியப்பன்.

போட்டிக்கு முன்னால் ஒரு குடும்பம் நிசாரோடு படம் எடுக்க வந்தது. அந்த வீட்டு அம்மா தன் போனைச் சென்னியப்பன் கையில் கொடுத்து, நீங்க கொஞ்சம் எடுத்துக் கொடுங்க என்றாள். அவனும் இரண்டு படம் எடுத்துக் கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. ஒரு மணி நேரம் கழித்து நிசார் காற்றில் இருந்தபோது, சென்னியப்பனின் கால் நகர்ந்தது.

நிசாருக்குத் தோள்பட்டை எலும்பும் இடது மணிக்கட்டும் உடைந்தன. அவன் எழவில்லை. நடுவர் வேறு வழியில்லாமல் சென்னியப்பன் கையைத் தூக்கினார். விரிப்பில் வியர்வை, வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நிசாரே மருத்துவமனையில் அப்படித்தான் சொன்னான்.

"இதை யார்கிட்டச் சொன்னே?" என்று கேட்டார் மாஸ்டர்.

"உங்ககிட்ட மட்டும்."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பட்டத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"வா."

மணிக்கூண்டுப் பக்கம் ஒரு பாத்திரக் கடை. சீர்வரிசைக் குடங்களில் பெயர் வெட்டிக் கொடுப்பவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பட்டத்தின் பித்தளைத் தகட்டை மாஸ்டர் அவர் மடியில் வைத்து, பத்துப் பெயருக்குக் கீழே சென்னியப்பன் என்று வெட்டச் சொன்னார்.

சென்னியப்பன் வேண்டாம் என்றான். மாஸ்டர் அவனைப் பக்கத்துக் கல்லில் உட்காரச் சொல்லிவிட்டு, அந்தப் பட்டத்தின் கதையைச் சொல்லத் தொடங்கினார். அவன் துண்டு துண்டாகக் கேட்டதுதான். முழுதாக அவர் யாருக்கும் சொன்னதில்லை.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், அடைமழையில் ஒரு சர்க்கஸ் கம்பெனி ஈரோட்டோடு நின்றுபோனது. மிருகங்களை எங்கோ கொண்டுபோனார்கள். பார் ஆடுகிறவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். நமக்குத் தெரிந்தது குதிப்பதும் பிடிப்பதும்தானே, அதை மேடையில் செய்வோம் என்றார் அவர்களில் மூத்தவரான குஞ்ஞம்பு. குதிரையின் சேணவாரைத் தைத்துப் பட்டம் ஆக்கினார்கள். பேண்டு வாத்தியத்தில் நசுங்கிக் கிடந்த ஓர் ஊதுகுழலைத் தட்டித் தகடு ஆக்கினார்கள். ஆணானாலும் பெண்ணானாலும் கம்பத்திலிருந்து குதித்துத்தான் ஜெயிக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. முதல் பெயர் குஞ்ஞம்பு.

இரண்டாவது வேலாயுதம். பனை ஏறுகிறவர். சர்க்கஸ் பார்க்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர். ஏழு வருடம் பட்டம் அவரிடம் இருந்தது. அவர் குதிக்கும்போது கூட்டம் கத்தாது, அண்ணாந்து பார்த்தபடி அமைதியாகிவிடும் என்றார் மாஸ்டர். ஒன்பதாவது ஆள் ஜோதிமணி. காட்சியே நடக்காத நோய்க் காலத்தில், எலி கடிக்காமல் இருக்கப் பட்டத்தை இரண்டு வருடம் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

"மூணாவது பேர் என்னோடது," என்றார் மாஸ்டர். "நாலு நாள்."

சென்னியப்பனுக்கு அது தெரியும். ஏன் நான்கே நாள் என்று கேட்கத்தான் அவனுக்குத் துணிச்சல் வந்ததில்லை.

தகட்டைத் துடைத்துக் கொடுத்தார்கள். பெயர் புதிதாக மின்னியது. இருவரும் பவானி பஸ்ஸில் ஏறினார்கள். நிசார் வீடு பவானியில்.

பஸ் கிளம்பிச் சற்று நேரம் ஆனபின் மாஸ்டர் மீதியைச் சொன்னார். கரூர் பொருட்காட்சி. சுவரொட்டியில் வேலாயுதத்தின் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. ரோசம்மாவின் படம் கட்டைவிரல் அளவு. அதையே மூன்று நாள் பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறார். அதற்கடுத்த நாள் போட்டியில் வேலாயுதம் குதித்தபோது விலகிவிட்டார்.

"நீங்களா?"

"நான்தான். அவருக்கு இடுப்பு போச்சு. மறுபடி கம்பம் ஏறவே இல்லை."

ஜெயித்த நான்காம் நாள் பட்டத்தைக் கொண்டுபோய் வேலாயுதத்தின் கட்டில் ஓரத்தில் வைத்து, நடந்ததைச் சொல்லி, தன் பெயரை வெட்ட வேண்டாம் என்று ரோசம்மா அழுதிருக்கிறார். வெட்டத்தான் வேண்டும் என்று வேலாயுதம் பிடிவாதமாக இருந்தாராம்.

"ஏன் மாஸ்டர்?"

"பேர் இல்லாட்டி அன்னைக்கு ஒண்ணுமே நடக்கலைன்னு ஆயிடும்னார். எனக்கு நடந்துச்சே, ரோசம்மா, அப்படின்னார்."

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பவானியில் இறங்கி நிசார் வீட்டுக்கு நடந்தார்கள்.

நிசாரின் மனைவி ஷமீம் கதவைத் திறந்தாள். சென்னியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உள்ளே வாங்கண்ணா என்று சொல்லி டீ போடப் போனாள். மாஸ்டர் உள்ளே வரவில்லை. வாசலில் கிடந்த ஜமக்காளக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

நிசார் இடது கையைக் கழுத்துத் துணியில் தொங்கப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். சென்னியப்பன் நின்றபடியே சொன்னான். போன் கொடுத்த அம்மாவைப் பற்றியும் சொன்னான். எதையும் விடவில்லை.

நிசார் கேட்டான்.

"அப்ப விரிப்புல ஈரம் இல்லையா?"

"இல்லை."

"நான் மூணு நாளா அந்த ஈரத்தைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன்."

பட்டத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்தான். வலது கட்டைவிரலால் கடைசிப் பெயரைத் தடவினான். திருப்பிக் கொடுத்தான்.

"போ, சென்னி."

அடுக்களை வாசலில் டீத் தம்ளர்களோடு நின்ற ஷமீம் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சென்னியப்பன் பவானிக்குப் போனான். நிசார் குடும்பத்துக்கு ஜமக்காள வியாபாரம். கட்டுகளைச் சுமந்து பஸ் ஏற்றி, ஈரோட்டுச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். ஒரு கையால் அது முடியாது. வாசலில் இருந்த கட்டுகளைச் சென்னியப்பன் எடுத்துத் தலையில் வைத்தான். யாரும் எடு என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினான்.

அதற்கடுத்த நாளும் போனான். மூன்றாம் மாதம் ஷமீம் தின்பண்டம் எதுவும் கொடுக்கவில்லை என்றாலும், கட்டுகளை அவன் தலைக்குத் தோதாகச் சின்னதாகக் கட்டி வைக்க ஆரம்பித்தாள். நிசார் பேசவில்லை. ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டபோது, உள்ளிருந்து ஒரு குடை வெளியே வந்து சுவரில் சாய்ந்தது. அவ்வளவுதான்.

சென்னியப்பன் எந்தப் போட்டியிலும் பட்டத்தோடு ஏறவில்லை. மாலையில் கூடத்துக்கு வந்து, புதிதாகக் குதிக்கப் பழகுகிறவர்களுக்குக் கீழே நின்றான். ஒருவரையும் பலகையில் நேராக விழ விடவில்லை. அவன் நெஞ்சு முழுக்கக் கன்றிப்போயிருந்தது. மாஸ்டர் எண்ணெய் தடவிவிடுவார்.

ஏழாம் மாதம் ஒரு வியாழக்கிழமை, நிசார் கூடத்துக்குள் வந்தான்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவன் மாஸ்டர் காலைத் தொட்டான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். இடது தோளில் தழும்பு ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. உடம்பைச் சூடாக்கிக்கொண்டான், இரண்டு முறை கயிற்றில் தொங்கிப் பார்த்தான். பிறகு மூலைக் கம்பத்தில் மெதுவாக ஏறத் தொடங்கினான்.

உச்சியில் போய் நின்றான். மேடைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

தினமும் கீழே நிற்கும் இன்னொருவர் மேடையில் ஏறப் போனார்.

"சென்னி நிக்கட்டும்," என்றான் நிசார். திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு மாதத்தில் அந்தப் பெயரை அவன் சொன்னது அப்போதுதான்.

சென்னியப்பன் மேடையில் ஏறவில்லை. அவன் மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றான்.

"மன்னிச்சேன்னு அவன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை, மாஸ்டர். நான் எப்படிப் போய் நிக்கிறது?"

மாஸ்டர் கம்பத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

"முதுகு உன் பக்கம் இருக்கு," என்றார். "இன்னும் என்ன சொல்லணும்?"