கோமு அக்கா ஊருக்குப் போன கதை

இந்தா, போர்வையை இழுத்து விட்டாச்சு. கண்ணை மூடிக்கோ. அத்தை கதை சொல்லுவேன், நீ 'ம்' மட்டும் கொட்டணும். நடுவுல எந்திரிச்சு தண்ணி கேக்கக் கூடாது, சரியா?

ஒரு ஊர்ல, பஸ்ஸெல்லாம் வந்து திரும்புற முக்குல, ஒரு தோசைக் கடை. கடைக்காரி பேரு கோமதி. ஆனா அவளை யாரு கோமதின்னு கூப்பிட்டா? ஊருக்கே அவ கோமு அக்கா. வீட்டுக்காரரு தவறிப் போனதுக்கு அப்புறம், ஒத்தக் கல்லை வச்சு ஆரம்பிச்ச கடை அது. கல்லுல மாவு விழுந்தா 'சொய்ய்ங்'! திருப்பிப் போட்டா 'பட்'! கடிச்சா 'மொறுக்'!

கடையில அவளுக்கு ரெண்டு பேரு துணை. சட்னி அரைக்கிறது வெள்ளத்தாயி. பயந்தவ, பேசுனா பக்கத்துல நிக்கிறவங்களுக்கே கேக்காது. தோசை ஊத்துறது ஆவுடையப்பன். நல்ல வேலைக்காரன், ஆனா மூக்குக்கு மேல கோவம். ரெண்டு பேரும் எதையும் தானா செய்ய மாட்டாங்க. "யக்கா, உப்பு பாருங்க!" "யக்கா, மாவு புளிச்சிருச்சா பாருங்க!" "யக்கா, இலை வந்திருக்கு, வாங்கவா வேண்டாமா?" நாள் பூரா யக்கா, யக்கா, யக்கா! கோமு அக்கா அலுத்துக்குவா. ஆனா உள்ளுக்குள்ள அது பிடிக்கவும் செஞ்சுது, பாத்துக்கோ. நான் இல்லேன்னா கடை இல்லேன்னு ஒரு குளுகுளுப்பு.

ம் கொட்டு. ஆங்.

அவளுக்கு ஒரே மக, உலகம்மா. கட்டிக் குடுத்த இடம் திருப்பூரு. அவ முழுகாம இருந்தா. தலைப்பிரசவம்னா அம்மா வீட்டுக்குத்தானே வரணும்? ஆனா டாக்டரம்மா, "இந்தப் புள்ளை பஸ்ஸு ரயிலுன்னு அலையவே கூடாது"ன்னு சொல்லிட்டாங்க. உலகம்மா போன்ல, "எனக்குப் பயமா இருக்கும்மா. நீ வந்துருவேல்ல?"ன்னு கேட்டா. "வராம எங்க போவேன்?"னு சொல்லிட்டா கோமு அக்கா. போனை வச்சதும் 'திக்'குன்னு ஆயிருச்சு. போனா ஒரு மாசமாவது இருக்கணுமே, கடையை என்ன பண்ண?

அப்போ அவ ஒரு யோசனை பண்ணா. பிரசவத்துக்குத்தான் இன்னும் நாள் இருக்கே, இப்பவே கொஞ்சம் கொஞ்சமா விலகிப் பாப்போம்னு.

மொதல்ல கோயிலுக்குப் போனா. "நான் வாரதுக்குள்ள நீங்க பாத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போயி, சாமி முன்னால கண்ணை மூடுறா, பின்னால 'தபதபதப'ன்னு சத்தம். யாரு? வெள்ளத்தாயி! கையில கரண்டி, கரண்டியில சட்னி. "யக்கா, உப்பு பாருங்க!"

கோமு அக்காவுக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியலை. "ஏன் தாயி, உனக்கு நாக்கு இல்லையா?"

"இருக்கு யக்கா. ஒரு தடவை நானாத்தான் உப்பு போட்டேன். நீங்க கிண்ணத்தை வெடுக்குன்னு பிடுங்கி வச்சுட்டீங்க."

அக்காவுக்கு நெஞ்சுல 'சுருக்'குன்னுச்சு. நெசம்தானே அது?

மறுநாள்ல இருந்து யாரு யக்கான்னாலும், "நீ என்ன நினைக்கிற?"ன்னு திருப்பிக் கேட்டா. அம்புட்டுத்தான், வேற பேச்சே கிடையாது. மொதல் நாள் சட்னி உப்புக் கரிச்சுது. சாப்பிட வந்தவங்கெல்லாம் 'மடக் மடக்'னு தண்ணி குடிச்சாங்க. வெள்ளத்தாயி ஓரமா நின்னு அழுதா. எதுவும் சொல்லிரக் கூடாதுன்னு கோமு அக்கா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நின்னா. மறுநாள் உப்பு பத்தலை. அதுக்கு மறுநாள் பாரு, அமிர்தம்!

அப்புறம் ரெண்டாவது தடவை, தென்காசியில நாத்தனா வீட்டு விசேசத்துக்குப் போனா. சாயங்காலம் வந்து பாத்தா, கடை சாத்திக் கிடக்கு! படியில ரெண்டு பேரும் கன்னத்துல கை வச்சு உக்காந்திருக்காங்க.

"சிலிண்டர் தீந்து போச்சு யக்கா. உங்க போனும் கிடைக்கலை."

"எதுத்த டீக்கடையில ஒண்ணு கேட்டிருக்கலாம்ல?"

"உங்களைக் கேக்காம எப்படி வாங்குறது?"ன்னு ஆவுடையப்பன் 'சுள்'ளுன்னு விழுந்தான். "தப்பாப் போனா நீங்கதானே ஏசுவீங்க!"

கோமு அக்கா அவனுக்குப் பக்கத்துல படியிலயே உக்காந்துட்டா. அப்புறம் இடுப்புல சொருகியிருந்த கடைச் சாவியை எடுத்து அவன் கையில வச்சா. "ஆவுடை, நீங்க ரெண்டு பேரும் கலந்து பேசி எதைச் செஞ்சாலும் சரி. தப்பாப் போனா ஏச மாட்டேன். ஒண்ணுமே செய்யாம உக்காந்திருந்தாத்தான் ஏசுவேன்"ன்னா. ஆவுடையப்பனுக்குக் கோவமெல்லாம் எங்க போச்சோ! சாவியைப் பாத்துக்கிட்டே இருந்தான்.

தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

மூணாவது தடவை அவளா போகலை, போக வச்சிருச்சு. ஒரு நாள் காலையில, கடையில கூட்டம் நெருக்குது, 'ட்ரிங் ட்ரிங்'னு போன் அடிக்குது. மருமகன்! "அத்தை, நாள் இருக்கும்போதே வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்." கோமு அக்கா கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு, "கடை... கூட்டம்..."னு நிக்கிறா.

அப்போ ஒரு சத்தம்! "யக்கா, கிளம்புங்க! பஸ்ஸு போயிரும்!" யாரு சத்தம் போட்டது தெரியுமா? வெள்ளத்தாயி! சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பாத்துட்டாங்க.

பஸ்ஸு 'டர்ர்ர்'னு போகுது, வெளிய 'சோ'ன்னு மழை. ஆஸ்பத்திரிப் படி ஏறும்போதே உள்ள 'குவா குவா'! பொம்பளைப் புள்ளை. உலகம்மா அம்மாவைப் பாத்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை.

புள்ளைக்குக் குளிக்க ஊத்த, சாம்பிராணி போடன்னு நாள் ஓடுச்சு. ஆனா கோமு அக்கா மனசு பூரா போன்லதான். அது அடிக்கவே இல்லை. என்னமோ ஏதோன்னு அவளே கூப்பிட்டா. "யக்கா, கூட்டம்! அப்புறம் பேசுறேன்!" 'டொக்'. வச்சுட்டான் ஆவுடை.

கோமு அக்கா முகம் சுண்டிப் போச்சு. "என்னைத் தேடவே இல்லையே உலகு"ன்னா. கண்ணுல தண்ணி.

உலகம்மா புள்ளையை எடுத்து அம்மா மடியில வச்சா. "நான் தேடுனேன்லம்மா. அது போதாதா?"

பாவம், கோமு அக்கா பேத்தி தலையில முகத்தைப் புதைச்சுக்கிட்டா.

மாசம் திரும்புனதும் ஊருக்கு வந்தா. கடை வாசல்ல யாரோ ஒரு புதுப் பொண்ணு, ரெண்டு பேரும் தானா வேலைக்கு வச்சது. "வாங்கம்மா, உக்காருங்க, என்ன சாப்பிடுறீங்க?"ன்னு கேக்குது! இவ யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்? கோமு அக்கா வாயைத் திறந்தா, மூடிக்கிட்டா. "ஒரு தோசை"ன்னா. உக்காந்தா. பக்கத்துல சாப்பிட்டவரு சொல்லுதாரு, மழையில கரண்டு போயி மாவே ஆட்ட முடியலையாம், ரெண்டு பேரும் உப்புமா கிண்டி ஊரையே பசியாத்துனாங்களாம்.

தோசை வந்துச்சு. சட்னியில இஞ்சி தூக்கலா இருந்துச்சு, அவ வைக்கிற மாதிரியே இல்லை. இன்னொரு வாய் வச்சா. நல்லாத்தான் இருந்துச்சு! "இன்னொரு தோசை குடு தாயி"ன்னா.

அந்தக் குரலைக் கேட்டு ரெண்டு பேரும் உள்ள இருந்து ஓடி வந்தாங்க. உப்பையும் கேக்கலை, புளிப்பையும் கேக்கலை. "யக்கா, புள்ளை யாரு மாதிரி?"ன்னாங்க.

அதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு அவளுக்கு. அப்புறம் வீட்டுக்குப் போனா, கதவைத் திறந்து போட்டுட்டு, காத்து வர்ற இடமாப் பாத்து, பட்டப்பகல்ல காலை நீட்டிப் படுத்தா. 'கொர்ர்ர்... கொர்ர்ர்...'

'ம்' சத்தத்தையே காணோமே... கதைக்குக் கதவு சாத்தியாச்சு. கண்ணையும் சாத்திக்கோ, தங்கம்.