பதினேழாம் பிரிவும் ஒரு வாளிக் கஞ்சியும்

வக்கீல் சுகந்தி மடத்துக்கு வந்தபோது இடுப்பில் ஒன்றரை வயது மகள். காரில் இரண்டு மூட்டை மாவு. மரபணு மாற்றிய மக்காச்சோளத்தில் அரைத்தது. அதைத் தயாரிக்கும் கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பவள் அவள்தான்.

"ஒப்பந்தத்தின் பதினேழாம் பிரிவில்தான் சிக்கல், சாமி," என்றாள் மடத்துக் குருவிடம். " சாப்பிட்டவர்களுக்குப் பின்னால் எது வந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன். நாளைக்குக் கொடுக்க வேண்டும். மனசு ஒப்பவில்லை."

"ஏன், கெடுதல் செய்யுமா?"

"அப்படி யாரும் நிரூபிக்கவில்லை."

"செய்யாது என்று?"

"அதையும் யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. பத்து வருஷம் கழித்து ஒரு குழந்தைக்கு நோய் வந்தால் விதையைச் சொல்வதா, மண்ணைச் சொல்வதா, தண்ணீரைச் சொல்வதா? யார் பொறுப்பு, சாமி?"

"மாவு மடத்துக்கென்று கொண்டுவந்ததுதானே?"

"ஆமாம்."

"அப்படியானால் இறக்கு. எல்லாரும் சாப்பிடட்டும்."

தானியம் கொண்டுவந்தவரே பரிமாற வேண்டும் என்பது அந்த மடத்து வழக்கம். கஞ்சி கொதித்ததும் சுகந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

"வக்கீலம்மா, இதுக்கும் வாய்தா போட்டுராதீங்க. நிறைய ஊத்துங்க!" என்றார் செங்கல் சூளைக்காரர் ஒருவர். பந்தியே சிரித்தது. அவளும்தான்.

பந்தியின் கோடியில் முத்துப்பேச்சி இருந்தாள். மடத்துத் தோட்டத்தில் களையெடுப்பவள். மடியில் மூன்று வயது மகன். அவர்களுக்கு ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகந்தியின் மகள் குட்டித் தம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

சுகந்தி அதை வெடுக்கென்று பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"பாப்பாவுக்கு வீட்டிலிருந்து பருப்பு சாதம் கொண்டுவந்திருக்கேன்," என்றாள், யாரும் கேட்காமலே.

மகன் வாய்க்குக் கொண்டுபோன தம்ளரை முத்துப்பேச்சி பாதியில் நிறுத்தினாள்.

"ஏன்க்கா, புள்ளைகளுக்கு இது ஆகாதா?"

சுகந்திக்குக் காது மடல் வரை சூடேறியது. வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் குருவிடம் போய் நின்றாள். தலை நிமிரவில்லை.

"வெட்கமாக இருக்கிறது, சாமி. அந்தப் பிரிவை அடித்துவிடுகிறேன்."

"அது நாளைக்கு," என்றார் குரு. "அந்தப் பெண் இன்னும் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். முதலில் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு வா."